பூ வாக்கு

ஜெயபிரகாஷ் விரும்பிய பெண்ணைப் பற்றி விசாரித்து வரப் போன கலைமணி அத்தை, ஊர்க்கதையையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மல்லசமுத்திரத்துப் பெண் கோகிலவாணி, பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒருவனோடு இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளாம்.

ஜெயபிரகாஷுக்கு அது புதுச் சேதி இல்லை. பழகிய முதல் வாரமே கோகிலவாணி சொல்லிவிட்டாள். கூடவே, அவன் அம்மா மனசார ஒத்துக்கொள்ளாமல் இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள்.

"ஒருத்தங்கூட இருந்துட்டு வந்தவ, இன்னொருத்தங்கூட ஒழுங்கா வாழுவாளுங்களா அண்ணி? நீங்களும் எங்கண்ணனும் வாழறீங்களே, அதுதானுங்க வாழ்க்கை" என்றாள் அத்தை.

"அம்மன்கிட்டப் பூக் கேட்டுரலாம்" என்றாள் அம்மா முத்தாயம்மாள்.

ஜெயபிரகாஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வாழ்க்கையை அரளிப் பூவா முடிவு செய்வது? எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அம்மா காதிலேயே வாங்கவில்லை. அப்பா சுவாமிநாதனோ வழக்கம்போலப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வெண்ணந்தூர்க் கோயிலில் கூடினார்கள். வெள்ளரளி வந்தால் சம்மதம், செவ்வரளி வந்தால் வேண்டாம். வாழையிலையில் மடித்து இரண்டு பொட்டலங்களை அம்மாவே கட்டி அம்மன் காலடியில் வைத்தாள்.

"நீயே ஒண்ண எடு கலைமணி" என்றாள்.

அத்தை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

அம்மனே சொன்ன பிறகு அத்தைக்கு ஏது பேச்சு? கன்னத்தில் போட்டுக்கொண்டு அண்ணனோடு பிரகாரம் சுற்றப் போய்விட்டாள்.

ஜெயபிரகாஷுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. தப்பித்தோம் என்ற நிம்மதியில் மற்றப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தான். அதிலும் வெள்ளைதான்.

"என்னம்மா இது?"

"மெல்லப் பேசு சாமி." அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் ஒருத்தரை நம்பிப் போயி, சேலத்துல ஆறு மாசம் அவருகூட இருந்துட்டு வந்தவதான். உங்கப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும். எங்க கல்யாணத்துக்குப் பூக் கேக்கறதுக்கு மொத நாளே அவருகிட்டச் சொல்லிட்டேன். செவப்பு வந்துருமோன்னு பயந்துக்கிட்டே இதே எடத்துல நின்னேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் அப்பா, அத்தைக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

"வெள்ளைதான் வந்துது" என்றாள் அம்மா. "அன்னிக்குப் பொட்டலம் கட்டுனது உங்கப்பா."