கத்துகிற விசிறி

விளையாட்டுக் கணினி மந்தமாகிவிட்டது. முதலில் மெக்கானிக் ஜெசிந்தா ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினார். இரண்டாவதாக மெமரியையும் அப்படியே கழற்றிப் போட்டு மாற்றினார். மூன்றாவதாகக் கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கிக் குடைந்து பார்த்துவிட்டு மறுபடி செருகினார். மந்தம் போகவில்லை. நான்காவதாகப் பழி விசிறிமேல் விழுந்தது. அது ஓயாமல் இரைகிறதாம்.

"வாயை மூடிக்கிட்டுச் சுத்தேன் அண்ணே. குப்பைக்குப் போயிடுவே," என்று கெஞ்சியது கிராபிக்ஸ் கார்டு.

"நம்ம பவர் சப்ளை முதலாளி, விளையாட்டு சூடு பிடிச்சதும் கரண்டுப் படியைக் குறைச்சு அளக்கிறாரே, அதைக் கேக்க உனக்கு நாக்கு இல்லையா தம்பி?" என்றது விசிறி. ஒன்பது வருஷம் தூசி தின்ற விசிறி அது. யாருக்காகவும் குரலைத் தாழ்த்தியதில்லை.

பவர் சப்ளை தன் இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து சிரித்தது. "கத்துறவனைத்தான் முதல்ல கழட்டுவாங்க."

திருப்புளியோடு வந்த ஜெசிந்தா, கழற்றுமுன் ஒருமுறை கார் பந்தயத்தை ஓடவிட்டார். திரை திக்கியது. அதே நொடியில் விசிறியின் இரைச்சல் இறங்கியது. பந்தயத்தை நிறுத்தியதும் இரைச்சல் ஏறியது. மறுபடி ஓடவிட்டார், மறுபடி இறங்கியது. மற்ற பாகங்களெல்லாம் பேசாமல் இருந்ததால், அவர் காதில் விழுந்தது அந்த ஒரு குரல்தான்.

திருப்புளியை வைத்துவிட்டு மீட்டரை எடுத்தார். பந்தயம் ஓட ஓட, பவர் சப்ளை தரும் மின்சாரம் சரிந்தது. பழுதுச் சீட்டில் எழுதி, மேசையில் கிடந்த ஹார்டு டிஸ்க்கும் மெமரியும் கேட்க உரக்க வாசித்தார்:

"பழுதான பாகம், பவர் சப்ளை."