ஜூன் ஒன்றில் பிறந்தவன்

அவன் தேதியை மாற்றி முடிக்கவும், தங்கமாரி டீ குடித்துவிட்டுப் படியேறி வரவும் சரியாக இருந்தது.

கோவில்பட்டியில் அந்த ஃபிளெக்ஸ் கடையில் அது எழுதாத சட்டம். முகநூலைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போகிறவனின் மானம் அன்றைக்குக் கப்பலேறும்.

போன மாதம் அவனுடைய முகநூல் பக்கத்தில் தங்கமாரி, 'எனக்கு நாளை நிச்சயதார்த்தம்' என்று எழுதிவைத்தான். மதுரையிலிருந்து அவன் அத்தை அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பதிலடிதான் இது. தங்கமாரியின் பிறந்த தேதியை ஜூன் ஒன்றிலிருந்து இன்றைய தேதியாக்கி, 'இன்னைக்கு என் பொறந்தநாள், வாழ்த்துங்க' என்று ஒரு வரியும் போட்டிருந்தான்.

ஊருக்கெல்லாம் பிறந்தநாள் பேனர் அடிக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை உண்டா?

பத்து நிமிடத்தில் வாழ்த்துகள் வரத் தொடங்கின. பள்ளித் தோழர்கள். துபாயில் இருக்கும் சித்தி மகன். சண்டை போட்டுப் பிரிந்த பழைய முதலாளிகூட.

தங்கமாரி உட்காரவில்லை. நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்தான்.

திட்டப்போகிறான் என்று அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.

திட்டவில்லை.

"ஜூன் ஒண்ணு வாத்தியார் போட்ட தேதிடே" என்றான் தங்கமாரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஸ்கூல்ல சேக்கும்போது எங்கம்மாவுக்குத் தேதி சொல்லத் தெரியல. அன்னைக்கு நல்ல மழைன்னு மட்டுந்தான் சொல்லுவா."

அவனுக்குச் சுருக்கென்றது.

நாலு வருஷமாகப் பக்கத்து நாற்காலி. ஜூன் ஒன்றாம் தேதி கேக் வெட்டக் கூப்பிட்டால் தங்கமாரி ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான். ட்ரீட்டுக்குப் பயந்து ஓடுகிற கஞ்சப்பயல் என்று இவனே எத்தனை முறை கேலி செய்திருக்கிறான்.

வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை.

மதியம் தங்கமாரி சாப்பிடப் போனான்.

சத்தமில்லாமல் பழைய தேதிக்கே மாற்றி வைத்துவிடலாம் என்று, அவன் போய்த் தங்கமாரியின் நாற்காலியில் உட்கார்ந்தான். மவுஸை அசைத்தான்.

கடவுச்சொல் கேட்டது.

நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கமாரி பூட்டிவிட்டுப் போயிருந்தான்.

கோபமாகத்தான் இருக்கும்.

தன் செல்போனை எடுத்துத் தங்கமாரியின் பக்கத்தைத் திறந்து பார்த்தான்.

இன்றைய தேதி அப்படியே இருந்தது.

நாற்பத்தேழு வாழ்த்துகள். ஒவ்வொன்றின் கீழேயும், பேரைச் சொல்லி, தனித்தனியாக ஒரு நன்றி. பழைய முதலாளிக்கும்.

அவன் மட்டும்தான் இன்னும் வாழ்த்தவில்லை.