மேற்கோள் கணக்கு

முதலில், டான்யூப் நதிக்கரையின் மண்ணரிப்பு பற்றி ராங்கெல் போட்ட கணக்கே தப்பு என்று எழுதினாள். அடுத்து, அவர் மண் எடுத்த இடமும் தப்பு என்றாள். அதற்கடுத்து, அவருடைய வரைபடத்தைக் குழந்தைக் கிறுக்கல் என்றாள். போன வசந்தத்தில், "இவரை நம்பி யாரும் வீடு கட்டிவிட வேண்டாம்" என்று அச்சிலேயே போட்டுவிட்டாள்.

சக ஆசிரியை நெவேனாவின் குற்றங்களை வரிசை மாறாமல் முணுமுணுத்தபடி ராங்கெல் தான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தின் படியேறினார். சம்பளப் போராட்டத்தில் முன்னால் நின்றவர் அவர். அன்றிலிருந்து மேலிடத்துக்கு அவர் பெயரே ஆகாது. அவரைப் புகழ்ந்து ஒரு வரி இருந்தால் போதும், அந்தக் கட்டுரை ஆய்விதழில் ஏறாது.

வராந்தாவில் அவளே எதிரில் வந்தாள்.

"என்ன தோழரே, மூஞ்சி புளிச்ச தயிராட்டம் இருக்கு?"

"ஊர்ல வேற எவனும் தப்பே பண்ணலையா? ஏன் என்னையே பிடிச்சுத் தொங்கறே?"

"நான் தொங்கலேன்னா உங்க பேரை வேற யாரு எழுதறா?"

"என் தோழர்கள் நெஞ்சுல எழுதி வெச்சிருக்காங்க!"

"நெஞ்சுல எழுதினதை யாரும் எண்ண மாட்டாங்களே!" சிரித்தபடி போய்விட்டாள்.

கூட்டம் தொடங்கியது. உலகத் தரவரிசையில் பல்கலைக்கழகம் சறுக்கிவிட்டதாம். பிறர் கட்டுரைகளில் பெயர் மேற்கோளாக வராத ஆசிரியர்களுக்கு இனி வேலை இல்லையாம். நல்ல வாத்தியாரா என்று மாணவர்களைக் கேட்க மாட்டார்கள், கணினியைக் கேட்பார்கள்.

ஓய்வூதியத்துக்கு ராங்கெலுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

"ராங்கெல் தோசேவ்..." டீன் கிரோவின் முகம் கோணியது. "வேலையில் நீடிக்கிறார்."

ராங்கெல் துள்ளி எழுந்தார்.

"பார்த்தீங்களா! பயப்படாம என் பேரை எழுதின என் ஆளுங்க யார் யாருன்னு படிங்க! எல்லாரும் சாட்சியா இருந்து கேட்கட்டும்!"

முன்வரிசையில் போராட்டத் தோழர்கள் தத்தம் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆளுங்க இல்லீங்க, ஒரே ஆள்தான். மத்த யாரும் உங்க பேரைத் தொடவே இல்லை," என்றார் டீன். "அந்த ஒருத்தரும் திட்டித்தான் எழுதியிருக்காங்க. கணினிக்குப் பாராட்டு, திட்டு எல்லாம் ஒண்ணுதான், மேற்கோள்னு எண்ணிடுது."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்:

"நெவேனா கலாய்ஜீவா."