கிரீஸுக்கு அடியில்

அன்று மத்தியானம் ஸ்டேஷன் முற்றத்தில் இருந்தவர்கள்: சப்-இன்ஸ்பெக்டர் சௌந்தரபாண்டியன், ஏட்டு ராஜகுரு, கொல்லர் கோட்டைச்சாமி, சைக்கிள் கடை இன்பராஜ், பஸ் ஷெட் மெக்கானிக் அமிர்தராஜ். நடுவில் சப்-இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிள், செயின் மூடி கழற்றப்பட்டு நின்றது. லாக்கப்பில் யாரும் இல்லை. அதன் கதவு திறந்தே கிடந்தது.

எதற்குக் கூப்பிட்டார்கள் என்று ராஜகுரு வழியில் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. அது நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆவணி. நான்கு நாட்களுக்கு முன், போராட்டக் கைதிகளை ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பிய போலீஸ் வேன், பரளச்சிப் பாதையில் இடது சக்கரம் கழன்று பருத்திக் காட்டுக்குள் சாய்ந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் ஓடிப்போனார்கள்.

அவர்களில் ஒருவன் அமிர்தராஜின் கூட்டாளி ஜான்ராஜ். போலீஸ்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில், வேனின் மறைவில் குந்தி சக்கர நட்டுகளைத் தளர்த்தியவன் அமிர்தராஜ். அகப்பட்டால் முதலில் கசையடி. பிறகு எத்தனை வருஷம் என்று அவனுக்குத் தெரியாது.

சப்-இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை.

“வேன்ல இடது சக்கரத்து நட்டு எதிர்ப்பக்கமாச் சுத்தும். வழக்கம்போலத் திருப்புனா இன்னும் இறுகும். கழட்டுனவனுக்கு அது தெரிஞ்சிருக்கு” என்றவர், மோட்டார் சைக்கிளைக் காட்டினார். “அது கெடக்கட்டும். இதுல ஒரு நட்டு இறுகிப்போச்சு. ஆளுக்கொரு தடவை பாருங்க.”

செயின் ஓடும் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு அது. மேலே கிரீஸ் அப்பியிருந்தது.

முதலில் கோட்டைச்சாமி. ஸ்டேஷன் விளக்கிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கி ஊற்றி, ஊறவிட்டு, எல்லா நட்டையும் திருப்புவதுபோல இதையும் திருப்பினார். இம்மியும் அசையவில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்.

அடுத்தது அமிர்தராஜ்.

ஷெட்டில் அவன் கைக்கு ஒரு மரியாதை உண்டு. இறுக்கி முடித்த நட்டின் மேல் உளி முனையால் சின்னதாக ஒரு சிலுவை கீறிவிடுவான். நினைத்துச் செய்வதில்லை, கை தானாகக் கீறும். டிரைவர்கள் அந்தச் சிலுவையைப் பார்த்த பிறகே பஸ்ஸை எடுப்பார்கள்.

இந்த நட்டும் எதிர்ப்பக்கம்தான் கழலும் என்று அவனுக்குத் தெரியும். பங்குனியில், பழைய சப்-இன்ஸ்பெக்டர் காலத்தில், இந்த வண்டி அவன் ஷெட்டுக்கு வந்திருக்கிறது. கைப்பிடியில் அவன் சுற்றிக் கொடுத்த தறிநூல் அப்படியே இருந்தது. ஆனால் இவர் ஆடியில் வந்தவர். இவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

நட்டைத் தடவிப் பார்த்தான். கரிசல் புழுதியில் ஓடும் வண்டியின் கிரீஸ் விரலில் நெறுநெறுக்கும். இது வெண்ணெய்போல வழுக்கியது. அதை யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

ஸ்பானரைப் பூட்டி, வேண்டுமென்றே வழக்கமான பக்கம் இழுத்தான். முழு உடம்பையும் போட்டு இழுத்தான். ஸ்பானர் நழுவி நட்டின் முனைகள் மழுங்கின. விரல் முட்டி தோல் உரிந்து ரத்தம் வந்தது.

“பஸ் இஞ்சினையே பிரிச்சுப் போடுற ஆளு, ஒத்த நட்டுக்கு இந்த முக்கு முக்குற” என்றார் ராஜகுரு.

“மரை செத்துப்போச்சு ஏட்டையா. இனி வராது” என்றான் அமிர்தராஜ்.

மூன்றாவதாக இன்பராஜ் குந்தினான். நான்கு பெண் பிள்ளைகளின் அப்பன். சூதுவாது தெரியாதவன். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையை உற்றுப் பார்த்தான்.

“எசமான், இது சைக்கிளு இடது பெடலு மாதிரில்ல இருக்கு.”

கொல்லரிடம் உளியும் சுத்தியலும் வாங்கினான். மழுங்கிய முனையில் உளியைச் சாய்த்து வைத்து எதிர்ப்பக்கமாகத் தட்டினான். மூன்றாவது அடியில் நட்டு அசைந்தது. பிறகு கையாலேயே கழற்றிவிட்டான்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

“எதிர்ப்பக்கம் சுத்தணும்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

அப்போதுதான் இன்பராஜுக்கு உறைத்தது. அமிர்தராஜைப் பார்த்தான். எதிர் மரை என்பது ரகசியம் இல்லை, தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று அமிர்தராஜ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தரையைப் பார்த்தான். தான் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். அதற்காக அவன் வெட்கப்படவும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் நட்டை வாங்கி, இன்பராஜின் துண்டாலேயே அழுத்தித் துடைத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“நீ கடைக்குப் போ” என்றார் இன்பராஜிடம். “சைக்கிள் கடைக்காரனுக்கு அது தெரியலைன்னாத்தான் சந்தேகப்படணும்.”

கோட்டைச்சாமியையும் போகச் சொன்னார். அமிர்தராஜ் ஸ்பானர் பையைத் தோளில் மாட்டினான். ராஜகுருவின் கை அவன் பிடரியில் விழுந்தது. என்ன ஏது என்று கேட்பதற்குள் பத்தடி நடத்தி லாக்கப்புக்குள் தள்ளினார். முதுகுக்குப் பின்னால் கம்பிக் கதவு சாத்தி, பூட்டு விழுந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி விரித்தார். துடைத்த நட்டின் மேல் சின்னதாக ஒரு சிலுவைக் கீறல்.

“கிரீஸ் நான் பூசுனது. நட்டு நீ மாட்டுனது.”