விழுந்த லேப்டாப்

ஜாஸ்பின் கடைசி ஸ்க்ரூவையும் கழற்றிச் சம்படத்து மூடியில் போட்டாள். லேப்டாப் குப்புறக் கிடந்தது.

“வயித்தக் கிழிச்சாச்சு. திரும்பத் தைக்கத் தெரியுமாடி?” முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள் அம்மா ரீட்டா.

ஜாஸ்பின் நிமிரவில்லை. சாயங்காலத்துக்குள் எட்டு ஜிபி ரேம் இருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் லேப்டாப்பில் இருப்பது நாலு.

வேலை கிடைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண் பார்க்க வருகிறவர்களை வர வேண்டாமென்று சொல்லிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

அப்பா பால்ராஜை நினைத்தால்தான் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

லேப்டாப் என்றாலே வள்ளென்று விழுகிற மனுஷன். அவள் அம்மாவிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டு, யாரும் கேட்காமலே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி, நாலு ஜிபி ரேம் ஒன்றை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இப்போதும் வேலைக்குப் போகாமல் வாசற்படியில் நிற்கிறார். பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் மாதா காலண்டர். குனிந்துதான் தேதி பார்க்க வேண்டும். வருகிறவர்கள் கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டட்டுமே என்பாள் ரீட்டா. அந்த வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது.

நகத்தைக் கொடுத்து நெம்பியதும் மூடி கழன்றது.

உள்ளே தூசி. செத்த எறும்பு ஒன்று. ஒரு ரேம் படுத்துக் கிடந்தது. பக்கத்து இடம் காலியாக இருக்க வேண்டும்.

காலியாக இல்லை.

அங்கேயும் ஒரு ரேம். படுக்காமல் சாய்வாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதே கம்பெனி, அதே நாலு.

யார் வைத்தது? போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவைப் பார்த்தாள். அதிலும் ரேம் முதலில் இப்படித்தான் சாய்ந்து நின்றது. அப்புறம் கட்டைவிரலால் ஓர் அமுக்கு.

அமுக்கினாள். டக்.

பேட்டரியை மாட்டி ஆன் செய்தாள். எட்டு என்று காட்டியது. அப்பா வாங்கிவந்த ரேம் இன்னும் கைக்குட்டையைவிட்டு வெளியே வரவில்லை.

எட்டு ஜிபி என்று சொல்லி விற்ற செகண்ட்ஸ் கடைக்காரனை அவள் திட்டாத நாள் கிடையாது. பாவம், அந்த ஆள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அப்படியானால் இது எப்போது கழன்றது?

லேப்டாப்பின் உடைந்த மூலையில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை அவள் விரல் தடவியது.

“விழுந்ததுல கழண்டிருக்கும்மா,” என்றார் அப்பா வாசலிலிருந்து.

விழுந்தது. அவள் கல்லூரியில் படித்தபோது வந்த ஓர் ஈஸ்டரிலிருந்து வீட்டில் எல்லோரும் சொல்கிற வார்த்தை. டேப்பைப் பார்த்துக் கேட்ட கல்லூரித் தோழிகளிடம் அவளும் அதையேதான் சொன்னாள். ஆன்லைன் பரீட்சைக்கு நடுவில் லேப்டாப் உறைந்து நின்றபோதும், ‘விழுந்த லேப்டாப் மேடம்’ என்றுதான் கெஞ்சினாள்.

“விழலப்பா.”

கீரை உருவிய கை நின்றது.

ஜாஸ்பின் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். எழுந்து போய் மாதா காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள்.

பின்னால் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஒரு மூலை ஆழமாகக் குத்திய பள்ளம். ஓரத்தில் கறுப்பு பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது.

அந்த ஈஸ்டர் அன்றைக்கும் பெண் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அவள் லேப்டாப்பை விட்டு எழுந்து போகவில்லை. அப்பா வந்து அதைப் பிடுங்கினார்.

அப்பா பள்ளத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. கம்பெனியிலிருந்து பதில் வருவதற்கு முன்பே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை வர வேணாங்க,” என்றார் போனில்.

ஜாஸ்பின் காலண்டரைத் திரும்ப மாட்டவில்லை.