முன்னூறாவது புள்ளி

எலிக்கு இன்னும் ஒரே ஒரு உயிர்ப்புள்ளிதான் பாக்கி.

"ம், மாமா. உங்க முறை," என்றான் மச்சினன், மைக்குக்கு எட்டும்படி.

வேன்காரர் பகடையை எடுத்தார். இருபது முகம் கொண்ட பகடை. உள்ளங்கை வியர்த்திருந்தது. காலையும் மாலையும் முப்பது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மனிதர் அவர். எந்த நெரிசலிலும் அந்தக் கை வியர்த்ததில்லை.

இந்த எலி செத்தால் குழுவுக்கு முன்னூறு புள்ளி ஆகிவிடும். முன்னூறு ஆனால் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு ஏறியாக வேண்டும். ஏறினால் அவருடைய குட்டு வெளிப்பட்டுவிடும்.

நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறு மதியமும் இந்தச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறார்கள். ஆளுக்கொரு வேஷம். மச்சினன் கதை சொல்வான், மற்ற மூவரும் பகடை உருட்டி அதை நகர்த்துவார்கள், அத்தனையும் பதிவாகி இணையத்தில் ஏறும். மச்சினன் வாரநாட்களில் கணக்கு டியூஷன் எடுப்பவன். பல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கும் வேன்காரர் மனைவி, கதைக்குள் வாள்வீராங்கனை. மாடி வீட்டு லிஃப்ட் மெக்கானிக் வில்லாளி. வேன்காரர் மந்திரவாதி.

பெயருக்குத்தான் மந்திரவாதி. ஆட்டத்தின் ஒரு விதிகூட அவருக்குத் தெரியாது.

முதல் நாள் மனைவி இரண்டு மணி நேரம் விளக்கினாள். இவர் பாதியிலேயே வேனின் பின்டயரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். புரிந்ததா என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடமாக ஆட்டிப் பழகிய மண்டை, அது பாட்டுக்கு ஆடிவிட்டது.

முதல் நிலையில் எப்படியோ பிழைப்பு ஓடியது. பகடையை உருட்ட வேண்டும். மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் கத்தினால் கத்த வேண்டும், உச்சுக்கொட்டினால் உச்சுக்கொட்ட வேண்டும். இரண்டாம் நிலையில் அது நடக்காது. புது மந்திரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதையோ எதாலோ பெருக்க வேண்டும் என்று மச்சினன் அடிக்கடி சொல்லிப் பயமுறுத்துவான்.

அதனால் இழுத்தடித்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவருக்கு எலி பாவம். எந்த எலியைக் கண்டாலும் அரைமணி நேரம் சமாதானம் பேசிவிட்டுத்தான் பகடையைத் தொடுவார்.

மற்றவர்களும் அவசரப்பட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கதவோடு மூன்று வாரம் சண்டை போட்டார்கள். தள்ளிக்கொண்டே இருந்தார்கள், அது இழுக்க வேண்டிய கதவு. இதுவரை கொன்றது ஏழு எலிகள், தவறுதலாக ஒரு வாத்து.

கேட்பவர்களோ உருகிப்போனார்கள். மற்றக் குழுக்கள் பத்தே வாரத்தில் டிராகனைக் கொல்கின்றன, நீங்கள்தான் வாழ்க்கையை உள்ளபடி காட்டுகிறீர்கள் என்று ஒருவர் எழுதினார். எலியிடமும் மரியாதையாகப் பேசும் மந்திரவாதியைக் கேட்டுத் தன் மாமியாரோடு ராசியாகிவிட்டதாக இன்னொருவர்.

இன்றைக்குத் தப்ப வழியில்லை. சமாதானப் பேச்சு முறிந்துவிட்டது. மனைவியின் வாள் மாவு மூட்டையைக் கிழித்தது. மெக்கானிக்கின் அம்பு மனைவியின் முதுகில் பாய்ந்தது. மிச்சம் இவர்தான்.

சின்ன எண்ணாக விழட்டும் என்று தெம்பில்லாமல் உருட்டினார். பகடை தம்ளரில் மோதி, மைக்கின் காலை ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது.

இருபது.

விதி தெரியாதவருக்கும் இருபது தெரியும். கத்துவதற்குத் தயாராக வாயைத் திறந்து மற்றவர்களைப் பார்த்தார்.

யாரும் கத்தவில்லை.

மனைவி தம்பியைப் பார்த்தாள். மெக்கானிக் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை ஆராய்ந்தார். மச்சினன் காலித் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"அப்ப... எலி காலி. எல்லாரும் ரெண்டாவது லெவல்," என்றான், துக்கம் சொல்ல வந்தவன் குரலில். "என்னென்ன மாறுதுன்னு புஸ்தகத்தைப் பாத்துச் சொல்றேன்."

எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்தான். தலையணை கனம் இருந்தது. வேன்காரர் அதை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் முறை.

கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

மச்சினன் நகத்தால் கீறினான். கிழியவில்லை. படிக்காமல் வரும் பிள்ளைகளை வாசலில் நிற்க வைக்கிறவன், காது மடல் சிவக்க, தலை நிமிராமல் கீறிக்கொண்டே இருந்தான். மைக் அத்தனை சரசரப்பையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

வேன்காரர் மனைவி பக்கம் திரும்பினார். இரண்டு மணி நேரம் விளக்கியவள் ஆயிற்றே, அவளே சொல்லிவிடலாமே என்று நினைத்தார். அவள் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. மெல்ல மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

"இருங்க, இருங்க. அந்த எலி இன்னும் மூச்சு விடுதே?"

"ஆமாக்கா, நானும் பாத்தேன். வால்கூட ஆடுது," என்றார் மெக்கானிக், பாய்ந்து விழுந்து.

மச்சினன் புத்தகத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, எலி தள்ளாடித் தள்ளாடி எழுந்து நிற்பதாக அறிவித்தான்.

கல்யாணமான நாளிலிருந்து மனைவி மேல் வேன்காரருக்கு அப்படி ஒரு பிரியம் வந்ததில்லை. மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் இன்னொரு முறை உருட்டினார்.

இரண்டு விழுந்தது.

நாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.