ஜாடிக்கு நாலு முழம்

"பெருமாளுக்கு ரெண்டு முழம், என் தலைக்கு ஒரு முழம், அந்த வெண்கல ஜாடிக்கு நாலு முழமா? ஏண்டி யதுகிரி, இது எந்த ஊர் நியாயம்?"

செங்கமலத்தம்மாளின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. மயிலாப்பூரில் ஒரு மாமியாரின் குரல் அவ்வளவு தூரமாவது போகாவிட்டால் அப்புறம் என்ன மரியாதை?

வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரி கெங்கம்மா, அளந்த சரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமா, அறுக்கட்டா, வாணாவா? வெயில் ஏறிக்கினே போவுது."

"அறு, கெங்கம்மா" என்றாள் மருமகள் யதுகிரி. பதற்றமே இல்லை அவள் பேச்சில்.

ஜாடி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அடையாற்றில் ஒரு துரை சீமைக்குக் கிளம்பியபோது அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். பெண்டாட்டி யதுகிரி கேட்டாள் என்று வக்கீல் பத்ரிநாராயணன் எடுத்து வந்துவிட்டார். பழைய காலத்துக் கிரேக்க ஜாடியைப் பார்த்து வார்த்ததாம். இரண்டு பக்கமும் வளைந்த கைப்பிடி. நடுவில் பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். ஒவ்வொருத்தி தலையிலும் பூச்சரம்.

"மேல்துணி நழுவ ஆடற இந்தப் பொம்மனாட்டிகளுக்கு மல்லிப்பூ ஒண்ணுதான் கேடு!" என்றாள் செங்கமலத்தம்மாள். "உன் தலையில பார்த்தா ஒரு கிள்ளு பூ. சிங்காரமெல்லாம் ஜாடிக்கு! அதையும் ஹால்ல வெச்சாலாவது வரவா போறவா பார்ப்பா. உள்கட்டுல, இருட்டு மூலையில கொண்டுபோய் வெச்சிருக்கே. அங்கே யார் பார்க்கப் போறா?"

"யாரும் பார்க்கறதுக்காக வைக்கலேம்மா."

"பின்னே எதுக்கு?"

"ஜாடிக்குப் பூ வைக்கப்படாதுன்னு எந்த சாஸ்திரத்துலயாவது போட்டிருக்கா?"

"கேள்விக்குக் கேள்வியா? இரு, இரு. நாளைக்குப் பாத்திரக்கார பாய் வருவார். அந்தச் சனியனைக் கொடுத்துட்டு ஒரு தவலை வாங்கிக்கறேன்."

"ஜாடியைக் கொடுக்க மாட்டேம்மா."

அந்த வீட்டில் 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை முப்பது வருஷமாக ஒருத்திக்குத்தான் இருந்தது. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த செங்கமலத்தம்மாளின் மகள் வேதத்தின் முறம் சட்டென்று நின்றது. வேதம் எதற்கும் வாயைத் திறக்காதவள். அவள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பாத்திரக்கார அக்பர் பாஷா வந்துவிட்டார்.

"அம்மா, நீங்க கேட்ட தவலை கொண்ணாந்துகீறேன். பழசு எங்கே?"

யதுகிரி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று செங்கமலத்தம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்கட்டுக்கு நடந்தாள். நிலைப்படியிலேயே அவள் கால் நின்றுவிட்டது.

ஜாடிக்கு முன்னால் வேதம் நின்றிருந்தாள்.

இருபது வயது. நார்மடிப் புடவை, இழுத்துப் போர்த்திய முக்காடு. புருஷன் போய் இரண்டு வருஷமாகிறது. அந்தத் தலையில் பூ ஏறியும் இரண்டு வருஷம்தான்.

வாழையிலையில் ஈரமாக இருந்த சரத்தை எடுத்து, வேதம் ஜாடியின் கழுத்தில் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நுனியைப் பின்பக்கம் செருகினாள். கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடி எதிரில் நின்று பார்ப்பாளே, அதே மாதிரி தலையைச் சாய்த்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு குனிந்து, பூவில் முகத்தைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெற்றவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தக் குழந்தை சிரித்து எத்தனை நாளாயிற்று! தினமும் சாயங்காலம் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு இவள் எதிரிலேதானே உட்காருகிறேன்? எனக்குத் தோன்றவில்லையே. வேறு வீட்டில் பிறந்து வந்தவளுக்கல்லவா தோன்றியிருக்கிறது! வெட்கமாக இருந்தது செங்கமலத்தம்மாளுக்கு. சத்தம் போடாமல் திரும்பினாள்.

"ஜாடி எங்கேம்மா?" என்றார் பாஷா.

"ஜாடி கிடையாது, பாய். போயிட்டு வாங்கோ."

இந்தத் தடவை அவள் குரல் வாசற்படியைத் தாண்டவில்லை.

அடுத்த நாள் காலையில் கெங்கம்மா கூடையை இறக்கும்போதே ஆரம்பித்தாள்.

"இன்னாமா, அந்த ஜாடி கீதா, பூட்ச்சா?"

"இருக்கு, இருக்கு. நீ அள."

கதவோரம் யதுகிரி வந்து நின்றாள். இன்றைக்கும் எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

கெங்கம்மா முழம் போட்டாள். "சாமிக்கு ரெண்டு. ஜாடிக்கு நாலு. உன் தலைக்கு ஒரு மொழம்..."

"எனக்கும் ஒரு கிள்ளு போறும்" என்றாள் செங்கமலத்தம்மாள். "மிச்சத்தை ஜாடியோட சேர்த்துடு."